காற்றை அளந்த பெருமாட்டி

கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளி வழியே வருவோர்க்குப் பீர்மேடு அயலூரன்று. நம்மவர் பலர் தேயிலையும் ஏலமும் பறித்து வாழ்ந்த அம்மலையூரில், 1918-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் பிறந்தவர் அன்னா மணி அம்மையார். மலையிற் பிறந்த இவர், கடலிற் பிறக்கும் புயலை அறிவதற்குரிய கருவிகள் நம் நாட்டிலேயே உருவாக வழி கோலினார்.

எட்டாம் பிறந்தநாளுக்கு வீட்டார் அளிக்க முன்வந்த வைரத்தோடுகளை மறுத்து, கலைக்களஞ்சியத்தையே வேண்டிப் பெற்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1939-இல் பட்டம் பெற்றார். பின்னர்ப் பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் வைரத்தின் ஒளியியல்பை ஆராய்ந்தார். ஆய்வேட்டை எழுதி முடித்தும், முதுகலைப் பட்டம் இல்லாமையால் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கவில்லை. அதற்காக அவர் உள்ளம் தளர்ந்தாரல்லர். 1945-இல் இலண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார்; 1948-இல் திரும்பிப் புனாவில் வானிலைத் துறையில் சேர்ந்தார்.

அந்நாளில் கருவிகள் பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்தே வந்தன. புயலின் நடுவே காற்றழுத்தம் குறைந்திருக்கும். கரையிலும் கப்பலிலும் எடுத்த அளவுகளைப் படத்தில் குறித்தே அதன் இருப்பிடத்தை உணர்வர். புயல் கருக்கொள்ளும்போது அவ்வழுத்தம் சில மில்லிபார் அளவே குறையும். பாரமானியே அவ்வளவு பிழை காட்டுமாயின் என்னாகும்? வருகின்ற புயல் மறைந்துவிடும். அப்பிழைக்குரிய விலையைக் கரையிற் காத்திருக்கும் மீனவன் மனைவியன்றோ கொடுப்பாள்! பிழையான அளவினும் அளவே இல்லாதிருத்தல் நன்று என்பது அம்மையார் கொள்கை.

ஆதலின், ஏறத்தாழ 100 கருவிகளுக்குத் தரமான வரைபடங்களை வகுத்து, அவை இங்கேயே செய்யப்பட வழி செய்தார். 1953-இல் அவர் தலைமையில் 121 ஆடவர் பணியாற்றினர். 1963-இல் தும்பா ஏவுதளத்தில் வானிலை ஆய்வகம் அமைத்தார். 1976-இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்ற பின்னரும், காற்றாலைகளுக்கு ஏற்ற இடங்களை அறியக் காற்றின் வேகத்தை அளந்துவந்தார். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் மறைந்தார்.

இன்று செயற்கைக்கோள்கள் வானிலிருந்து புயலை நோக்குகின்றன. எனினும், கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தை நேரே அளந்து கூறுவன கப்பலிலும் மிதவையிலும் கரையிலும் உள்ள பாரமானிகளே. 2017-இல் ஒக்கிப் புயல் குமரிக் கடலோரத்தையும் கேரளக் கரையையும் ஒருசேரக் கலங்கச் செய்ததை நாம் மறந்தோமல்லோம். உரிய வேளையில் வரும் எச்சரிக்கை எத்தனை உயிர்க்குக் காப்பு என்பதை அது நமக்கு உணர்த்திற்று.

நம் இல்லத்துப் பெண்மக்களுள் ஒருத்தி, நகை வேண்டா, நூல் வேண்டும் என்று கேட்பாளாயின், மறுக்காது வாங்கித் தருவோமாக. அம்மையாருக்கு நாம் செய்யத்தக்க சிறப்பு அதுவே.