ஒயின் ஊற்ற வந்த பையன் ஓட்டல் ராஜா ஆனார்!

பெரிய ஓட்டலில் ஒயின் ஊற்றுவது லேசான வேலை அல்ல. பாட்டிலைக் குலுக்காமல் கொண்டுவரணும். லேபிளைக் காட்டணும். முதலில் கொஞ்சம் ருசி பார்க்கக் கொடுக்கணும். இதற்கென்றே ஐரோப்பாவில் தனி சர்வர் உண்டு!

சுவிட்சர்லாந்தில் ஏழைக் குடியானவருக்கு 13-வது பிள்ளையாக 1850-ல் பிறந்த சீசர் ரிட்ஸ், 15 வயதில் இந்த வேலைதான் பழகப் போனார். ஓட்டல் தொழிலுக்கே லாயக்கில்லை என்று முதலாளி சீட்டைக் கிழித்துவிட்டார்.

பையன் பாரிசுக்குப் போனான். எடுபிடி வேலை பார்த்து, வுவாசின் என்ற பெரிய ஓட்டலில் சர்வர் ஆனான். 1889-ல் லண்டன் சவாய் ஓட்டலுக்கே அவர்தான் மானேஜர்! ராஜாக்களும் சீமாட்டிகளும் வந்து குவிந்தார்கள்.

1898-ல் திடீர் கல்தா. 3,400 பவுனுக்கு ஒயினும் மற்ற மதுவும் கணக்கில் இல்லை என்பது புகார். சமையல் மேதை எஸ்கோபியேவும் வெளியே! கோர்ட்டில் விசாரணை நடக்காமல் ரகசியமாகப் பேசி முடித்தார்கள். பெரிய இடத்து விவகாரம் ஆச்சே.

அசரவில்லை ரிட்ஸ். அதே ஆண்டு ஜூன் 1-ல் பாரிசில் சொந்தப் பெயரில் ஓட்டல். எந்த நிற விளக்கில் பெண்கள் முகம் எடுப்பாகத் தெரியும் என்று மனைவியை மணிக்கணக்கில் உட்காரவைத்துப் பார்த்தாராம்!

1902-ல் மன்னர் எட்வர்டு முடிசூட்டு விழாவுக்கு லண்டனில் விருந்து ஏற்பாடு தடபுடல். மன்னருக்கு ஆபரேஷன், விழா தள்ளிப்போனது. அந்த அதிர்ச்சியில் மனம் உடைந்தவர் கடைசிவரை தேறவில்லை. 1918-ல் இறந்தார்.