சங்கரதாஸ் சுவாமிகள்

தூ. தா. சங்கரதாஸ் சுவாமிகள் (செப்டம்பர் 7, 1867 - நவம்பர் 13, 1922) தமிழ் நாடக ஆசிரியரும் நடிகரும் ஆவார். தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் எனப் போற்றப்படுகிறார். இன்று பெரும்பாலும் நாடகங்களை எழுதியவராகவே அறியப்படும் இவர், தொடக்க ஆண்டுகளில் அச்சமூட்டும் வேடங்களில் பெயர் பெற்ற நடிகராக விளங்கினார். அந்நடிப்பைப் பார்வையாளர் மெய்யென்று நம்பியதால் நேர்ந்த விளைவுகளே இவரை வேடம் புனைவதிலிருந்து விலகச் செய்தன என்பர்.

இளமை

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். தந்தை தாமோதரக் கணக்கப்பிள்ளையிடம் தமிழ் கற்றபின், பழநி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கண இலக்கியங்களைப் பயின்றார். கொங்கு நாட்டைச் சேர்ந்த உடுமலை முத்துசாமிக் கவிராயரும் அங்கு இவருடன் பயின்றவர். பிற்காலத்தில் திரைப்பாடலாசிரியராகப் புகழ்பெற்ற உடுமலை நாராயணகவி அக்கவிராயரின் மாணவர் ஆவார். சில காலம் உப்பளத்தில் கணக்கராகப் பணியாற்றிய சங்கரதாஸ், தம் 24ஆம் வயதில் நாடகத்துறையில் புகுந்தார்.

நடிகராக

இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலியன இவர் ஏற்ற வேடங்கள். கனத்த குரலும் உடற்கட்டும் இவற்றுக்குப் பொருந்தின. சாவித்திரி நாடகத்தில் எமனாக இவர் ஆர்ப்பரித்துத் தோன்றியபோது, பார்வையாளர் நடுவே இருந்த கருவுற்ற பெண்ணொருவர் அதிர்ச்சியுற்றுக் கருச்சிதைவுக்கு ஆளானார் என்று கூறப்படுகிறது. நளதமயந்தி நாடகத்தில் சனீசுவரனாக நடித்த மற்றோர் இரவு முடிந்து, விடியற்காலையில் வேடத்தைக் கழுவ நீர்நிலைக்குச் சென்றபோது, எதிர்ப்பட்ட பெண்ணொருவர் அச்சத்தால் உயிர் நீத்தார் என்பது மற்றொரு செய்தி. இவற்றுக்குப் பின் சுவாமிகள் நடிப்பதை விட்டு, நாடகம் எழுதுவதிலும் பயிற்றுவிப்பதிலும் முழுமையாக ஈடுபட்டார்.

இச்செய்திகள் நாடகக் கலைஞர்கள் வழியே பரவியவை. சொல்பவருக்கேற்ப இவற்றின் விவரங்கள் வேறுபடுவதும் உண்டு. எனவே இவற்றை அப்படியே வரலாறாகக் கொள்வது கடினம். ஆயினும் நடிப்பை அக்காலத்தவர் எவ்வாறு அளந்தனர் என்பதை இவை காட்டுகின்றன. மின்விளக்குப் பரவாத ஊர்களில், குறைந்த ஒளியில், விடிய விடிய நடந்த நாடகங்கள் அவை. எமனும் சனியும் பார்வையாளர் முன்னரே நம்பி அஞ்சிய உருவங்கள். ஆகவே நடிகரின் திறமையுடன், காண்போரின் நம்பிக்கையும் சேர்ந்தே அந்த அச்சத்தை உண்டாக்கியிருக்க வேண்டும். இரண்டாம் நிகழ்ச்சி மேடைக்கு வெளியே, நாடகம் முடிந்தபின் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவதால், அதில் நடிப்பைவிட ஒப்பனைக்கே பங்கு மிகுதி எனலாம்.

நாடக ஆசிரியராக

இடையில் நாடகத்தைத் துறந்து தலப்பயணம் மேற்கொண்ட சுவாமிகள், புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையின் ஆதரவில் தங்கி, சந்தப் பாடல்களில் தேர்ச்சி பெற்று மீண்டும் நாடகத்துக்குத் திரும்பினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள் உள்ளிட்ட இவருடைய நாடகங்கள் 68 என்பர். அவற்றில் ஒரு பகுதியே கிடைத்துள்ளது.

அன்று வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த நடிகர்கள் ஒத்திகையின்றி ஒரே மேடையில் சந்தித்து நடிக்கும் 'ஸ்பெஷல்' நாடகங்கள் வழக்கிலிருந்தன. எதிராளியை மடக்க நினைத்துக் கதைக்குப் பொருந்தாதவற்றைப் பேசுவோரும் இருந்தனர். வேடம் எவ்வளவு பொருந்தினாலும் பேச்சு கதையை விட்டு விலகினால் பாத்திரம் குலைந்துவிடும். சுவாமிகள் வரையறுத்துத் தந்த பாடல்களும் உரையாடல்களும் அனைவருக்கும் பொதுவான பாடமாயின.

சிறுவர்களைக் கொண்ட பாலர் குழுக்களில் இவ்வொழுங்கை முழுமையாக நடைமுறைப்படுத்த முடிந்தது. 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் இவர் ஆசிரியராக விளங்கினார். டி. கே. எஸ். சகோதரர்கள் அதில் பயின்றனர். அவர்களுள் டி. கே. சண்முகத்திற்காக இவர் அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது புகழ்பெற்ற செய்தி. பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். உருவ ஒற்றுமை குறைந்த அந்நாடகங்களைப் பாட்டும் தெளிந்த உச்சரிப்புமே தாங்கின.

இதே காலத்தில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை, உரைநடை நாடகங்களுக்கு முதன்மை அளித்தது. துயரத்திலும் பாடும் பாத்திரங்களை இயல்புக்கு மாறானவையாகக் கருதிய பார்வை பின்னர் வலுப்பெற்றது. இவ்வளவுகோலால் சுவாமிகளின் நாடகங்களை மதிப்பிடுவது முறையாகாது. சாவித்திரி எமனோடு வாதிடும் காட்சியில், வாதம் செல்லுமா என்பதையே பார்வையாளர் கவனித்தனர். அவள் பாடுவது அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை.

மறைவு

இறுதி ஆண்டுகளில் பக்கவாதத்தால் தாக்கப்பட்டுப் பேச்சும் உடலியக்கமும் குன்றிய நிலையிலும் சபையுடனேயே ஊர் ஊராகச் சென்றார். திருமணம் செய்துகொள்ளாத இவர், புதுச்சேரியில் மறைந்தார். அடக்கம் செய்யப்பட்ட இடம் கருவடிக்குப்பத்தில் உள்ளது. நாடகக் கலைஞர்கள் அங்கு ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகின்றனர். மாணவரான டி. கே. சண்முகம், 1940களில் ஔவையார் நாடகத்தில் மூதாட்டியாக நடித்து, ஔவை சண்முகம் என்றே அழைக்கப்படலானார்.