மெரியன் அம்மையார்

சேற்றிலும் அழுகிய பொருள்களிலும் புழுக்கள் தாமே தோன்றுகின்றன என்று ஐரோப்பிய மக்கள் பலர் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில், 1647-ஆம் ஆண்டு, செருமனி நாட்டுப் பிராங்பர்ட் நகரில் மேரியா சிபில்லா மெரியன் அம்மையார் பிறந்தார். மூன்றாம் வயதிலேயே தந்தையை இழந்த அவருக்கு, தாயை மறுமணம் புரிந்த ஓவியர் மாரெல் ஓவியக் கலையைக் கற்பித்தார்.

பதின்மூன்றாம் வயதில் அம்மையார் பட்டுப்புழுக்களை வளர்த்து, அவற்றின் மாற்றங்களைக் கண்டு வியந்தார். பின்னர் வேறு பல புழுக்களையும் கொணர்ந்து வளர்த்தார். அவற்றுட் பல தமக்குரிய இலையையன்றிப் பிறிதொன்றைத் தீண்டவில்லை. அவ்விலை கிடையாதபோது பட்டினியால் மடிந்தன. வண்ணத்துப்பூச்சி உண்பதோ மலர்த்தேன். எனினும், அது தன் புழுக்களுக்கு உணவாகும் செடியை நாடியே முட்டையிடுகிறது. முட்டையினின்று வெளிவரும் சிறு புழுவால் நெடுந்தொலைவு சென்று உணவு தேட இயலாது. தாய் செடியைத் தவறாகத் தேர்ந்தால் புழுவிற்கு வாழ்வில்லை. இவ்வுறவை விளக்கவே அம்மையார் பூச்சியையும் அதற்குரிய செடியையும் ஒரே படத்தில் தீட்டினார். அப்படங்கள் கொண்ட அவரது முதற் புழு நூல் 1679-இல் வெளிவந்தது.

1699-இல், தம் ஐம்பத்திரண்டாம் வயதில், ஓவியங்களை விற்றுப் பொருள் ஈட்டி, இளைய மகளுடன் தென் அமெரிக்காவிலுள்ள சூரினாமுக்குக் கப்பலேறினார். அங்கிருந்த தோட்ட முதலாளிகள், கரும்பைவிட்டுப் புழுவைத் தேடுகிறாரே என்று அவரை எள்ளினர். அடிமைகளாக உழன்ற மக்களோ காட்டில் வழி அமைத்தும் பூச்சிகளைக் கொணர்ந்தும் உதவினர். கடும் நோயுற்றமையால் 1701-இல் ஆலந்து நாட்டின் ஆம்சுடர்டாம் நகருக்குத் திரும்பினார். எனினும் ஓயாது உழைத்து, அறுபது படங்கள் கொண்ட பெருநூலை 1705-இல் வெளியிட்டார். 1717-இல் அந்நகரிலேயே மறைந்தார்.

தாய்ப்பூச்சி உரிய செடியை எவ்வாறு அறிகிறது என்பதைப் பிற்கால அறிஞர் ஆராய்ந்தனர். முட்டைக்கோசு வண்ணத்துப்பூச்சி இலைமீது அமர்ந்து முன்னங்கால்களால் தட்டிச் சுவை காண்கிறது. கடுகினச் செடிகளுக்குரிய காரப்பொருளின் மூலம் அவ்விலையில் இருப்பின் முட்டையிடுகிறது. இன்றேல் பெரும்பாலும் அகன்றுவிடுகிறது. பிற உயிர்களை விரட்டும் காரமே அப்பூச்சிக்கு அழைப்பாகிறது.

பிறர் அருவருத்து ஒதுக்கிய புழுவை அம்மையார் பொறுமையுடன் நோக்கினார். அந்நோக்கு ஓர் அறிவுத்துறைக்கே வழி திறந்தது.