மாயவரம் தந்த பாகவதர்

விடுமுறையில் குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்லலாம்? மயிலாடுதுறையில் காலை ரயில் ஏறுங்கள். கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகச் சுமார் 120 கிலோமீட்டர் போனால் திருச்சி. அங்கே எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு அரசு மணிமண்டபம் கட்டியிருக்கிறது. பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம்.

போகும் வழியில் அவர் கதையைச் சொல்லுங்கள். அவர் நம் ஊர்க்காரர்!

1910-ம் ஆண்டு மாயவரத்தில், பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தார். மயிலாடுதுறைக்கு அப்போது அதுதான் பெயர். பிறகு குடும்பம் திருச்சிக்குக் குடியேறியது.

சிறுவனுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை, பாட்டில்தான் ஆசை. ரயில்வே அதிகாரி எப்.ஜி.நடேச அய்யர் அந்தக் குரலைக் கேட்டார். அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக மேடை ஏற்றினார்.

1934-ல் ‘பவளக்கொடி’ படம் வந்தது. பாகவதரின் பாட்டு ஊரெங்கும் ஒலித்தது. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

அதே 1944 டிசம்பரில் தலையில் இடி விழுந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார். இருவருக்கும் ஆயுள் தண்டனை! வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1947-ல் இருவரும் விடுதலை ஆனார்கள்.

வெளியே வந்தபோது காலம் மாறியிருந்தது. புதுப் படங்கள் ஓடவில்லை. சேர்த்த செல்வம் கரைந்தது. ஆனாலும் பாடுவதை அவர் விடவில்லை.

1959 நவம்பர் 1-ந் தேதி சென்னையில் காலமானார். வயது 49தான்.

மணிமண்டபத்தில் அவர் சிலையைக் காட்டுங்கள். திரும்பும் ரயிலில், வீட்டுப் பெரியவர்களை அவர் பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லுங்கள். பணமும் பவிசும் போன பின்பும் போகாதது அதுதான்.