முப்பது வயதில் அ, ஆ படித்த முனிவர்



உலகத்திலேயே கஷ்டமான மொழி எது? நம்ம வகுப்புல கேட்டா பாதிப் பேர் இங்கிலீஷ்னு சொல்வாங்க. மீதிப் பேர் கணக்குன்னு சொல்வாங்க!

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுத்தர ஒரு பயிற்சி நிலையம் நடத்துகிறது. இங்கிலீஷ் பேசுபவர் ஸ்பானிஷ் படிக்க ஏறக்குறைய 30 வாரம் ஆகுமாம். தமிழ் படிக்க 44 வாரம். சீனம், ஜப்பான், கொரியா, அரபு மொழிகளுக்கு 88 வாரம்! ஆனா இது அவங்க கணக்கு. ஜப்பான் மொழியில் நம்மைப் போலவே வினைச்சொல் கடைசியில்தான் வரும். அதனால் அந்த வாக்கிய அமைப்பு நமக்குப் பழகியதுதான். நம் தாய்மொழியிலிருந்து ஒரு மொழி எவ்வளவு தூரமோ அவ்வளவு கஷ்டம். அவ்வளவுதான் விஷயம்.

அந்தத் தூரத்தை நடந்தே கடந்த ஒருவர் நம்ம விருத்தாசலத்துக்குப் பக்கத்திலேயே வாழ்ந்திருக்கிறார். அவர்தான் வீரமாமுனிவர்.

இத்தாலியிலிருந்து வந்தவர்

அவருடைய இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680 நவம்பர் 8 அன்று இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். 1698-ல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710-ல் கோவாவில் வந்து இறங்கி, 1711-ல் தமிழ்நாட்டுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 30.

நம்ம ஊரு பீங்கான் வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும். பச்சை மண்ணு சொன்னபடி வளையும். சூளையில் வெந்த பிறகு வளைக்க முடியுமா? நாக்கும் அப்படித்தான். சின்ன வயசுல எந்த மொழியும் ஒட்டிக்கும். முப்பது வயசுல ழகரம் சொல்லச் சொன்னா? அவர் தாய்மொழியில் ழ கிடையாது. ல, ள, ழ மூன்றும் அவர் காதுக்கு முதலில் ஒன்றாகத்தான் கேட்டிருக்கும். நாம் "வீட்டில்" என்று பின்னால் சேர்க்கும் "இல்" அவர் மொழியில் பெயருக்கு முன்னால் தனிச் சொல்லாக வரும். நாம் கடைசியில் வைக்கும் வினைச்சொல் அவருக்கு நடுவில் வரும். எல்லாம் தலைகீழ்!

ஒரு மொழியா, இரண்டு மொழியா?

இதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. புத்தகத்தில் "நான் வீட்டிற்குச் செல்கிறேன்" என்று இருக்கும். தெருவில் "நா வூட்டுக்குப் போறேன்" என்பார்கள். வெளியூர்க்காரருக்கு இது இரண்டு மொழி மாதிரி. ஒன்றை மட்டும் படித்தால் மக்களோடு பேச முடியாது, அல்லது புலவர்களோடு உட்கார முடியாது. வீரமாமுனிவர் இரண்டையும் படித்தார். சுப்ரதீபக் கவிராயர் என்ற புலவரிடம் பாடம் கேட்டார் என்று சொல்வார்கள்.

படித்ததோடு நிற்கவில்லை. பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் ஒரு இலக்கணம் எழுதினார். அதற்குக் கொடுந்தமிழ் இலக்கணம் என்று பெயர். அது 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. அந்த அச்சகம் யாருடையது தெரியுமா? சமய விஷயத்தில் அவரோடு வாதம் செய்துகொண்டிருந்த லுத்தரன் சபையாருடையது! சண்டை ஒரு பக்கம் இருந்தாலும் புத்தகம் அவர்களுக்கும் தேவைப்பட்டது. செந்தமிழுக்கு எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என ஐந்து இலக்கணமும் சொல்லும் தொன்னூல் விளக்கம் எழுதினார்.

எரியா, ஏரியா?

அந்தக் காலத்து ஓலைச்சுவடியில் எ, ஏ இரண்டுக்கும் ஒரே வடிவம். ஒ, ஓ இரண்டுக்கும் அப்படியே. குறில் என்று காட்ட மேலே புள்ளி வைக்க வேண்டும். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பலர் வைக்க மாட்டார்கள். அப்புறம் எரியா, ஏரியா? கொடுவா, கோடுவா? படிப்பவர்தான் இடம் பார்த்துக் கண்டுபிடிக்கணும்.

வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார். ஏ-க்குக் கீழே கால், ஓ-வுக்குச் சுழி, கே, கோ போன்றவற்றுக்கு மேலே சுழித்த இரட்டைக் கொம்பு. இன்றைக்கு நாம் பரீட்சைத் தாளில் எழுதும்போதும் அவர் கை அதில் இருக்கிறது.

சொல் தேடுவதும் அப்போது லேசு இல்லை. நிகண்டுகள் பாட்டு வடிவில் இருந்தன. பாட்டை மனப்பாடம் செய்தால்தான் சொல் கிடைக்கும். அவர் 1732-ல் சதுரகராதி செய்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவு. அகர வரிசையில் புரட்டிப் பார்க்கலாம்.

புதிதாகத் தமிழ் படிப்பவர்கள் அலுத்துப் போகாமல் இருக்க பரமார்த்த குரு கதையும் எழுதினார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆற்றைக் கடந்ததும் ஒவ்வொருவரும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவரைக் காணோம் என்று அழுவார்கள். நாம் சிரிக்கப் படிக்கிற கதை அவருக்குப் பாடப்புத்தகம்!

பதினைந்து வருடம்

தமிழ்நாட்டுக்கு வந்து 15 வருடம் கழித்து, 1726-ல், 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி என்ற காப்பியத்தை முடித்தார். திருக்குறளில் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார். தைரியநாதர் என்று இருந்த அவர் பெயரும் தூய தமிழில் வீரமாமுனிவர் ஆனது. 1747-ல் காலமானார். 1968-ல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னை மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

நம்ம பக்கத்துக் கோணான்குப்பத்தில் அவர் மாதா கோயில் கட்டினார். அங்கே மாதாவின் பெயர் பெரியநாயகி. நம்ம ஊரு விருத்தகிரீஸ்வரர் கோயில் அம்மன் பெயரும் பெரியநாயகிதான்! ஜனவரி மாதத் தேர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் இதை நினைத்துப் பாருங்கள்.

நண்பர்களே! அவர் தடுக்கி விழுந்த இடத்தில் எல்லாம் பின்னால் வருபவருக்கு ஒரு படிக்கட்டு கட்டிவிட்டுப் போனார். எழுத்து குழப்பியது, எழுத்தைத் திருத்தினார். சொல் கிடைக்கவில்லை, அகராதி செய்தார். பேச்சும் எழுத்தும் வேறாக இருந்தன, இரண்டுக்கும் இலக்கணம் எழுதினார். இங்கிலீஷ் நமக்குத் தூரம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா தெரியாத சொல்லை ஒரு நோட்டில் தினம் ஐந்து எழுதி வைக்கலாமே. அந்த நோட்டு அடுத்த வருஷம் நம்ம தம்பி தங்கைக்கும் உதவும்.

வாழ்க தமிழ்!