கனவிடை விழித்தவர்

உறங்குவார் அறிவும் விழித்திருத்தல் கூடுமோ? இவ்வினாவிற்குத் தம் உறக்கத்திலேயே விடை தேடியவர் எர்வே த சேன் தெனி என்னும் பிரெஞ்சுப் பிரபு. 1822-இல் பாரிசில் பிறந்த இவர், பதின்மூன்று வயதிலேயே தாம் கண்ட கனவுகளை நாள்தோறும் எழுதவும் படமாக வரையவும் தொடங்கினார். நாளடைவில் 22 ஏடுகள் நிரம்பின. 207-ஆம் இரவில், கனவின் நடுவே, இது கனவென்று முதன்முறை உணர்ந்தார். பதினைந்து மாதங்களில் அவ்வுணர்வு ஏறக்குறைய இரவுதோறும் வாய்த்தது.

தீக்கனா ஒன்று அவரைப் பலகால் வருத்தியது. கோர உருவங்கள் துரத்த, அறை அறையாக ஓடுவார். கதவுகளோ எளிதில் திறவா. நான்காம் முறை அது வந்தபோது கனவென்று தெளிந்தார். சுவரில் முதுகைச் சாய்த்துத் திரும்பி நின்று, முன்வந்த உருவத்தை உற்று நோக்கினார். நோக்க நோக்க அது வெளிறிக் கரைந்தது.  அஞ்சியவுடன் விழித்துத் தப்பும் நாம், அவர் உறக்கத்திலேயே நிலைத்து நின்றதை எவ்வாறு வியவாதிருப்போம்!

ஒரு பொருளில் கருத்தை நிறுத்தினால் காட்சி தெளியும் என்றும், கனவுக் கையால் கண்களை மூடினால் காட்சி மாறும் என்றும் கண்டார். ஆயினும் அவ்வாட்சிக்கு எல்லை உண்டு. தம் சாவையே கனவிற் காண விரும்பி உயர்ந்த சாளரத்தினின்று குதித்தார். அடுத்த கணமே, வேறொருவன் பிணத்தைச் சூழ்ந்த கூட்டத்தில் தாம் நிற்கக் கண்டார்.

சீனக் கவிதைகளைப் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்த புலவருக்கு இஃது ஏன் என நம்மிற் சிலர் நகைக்கலாம். அந்நகைப்பை அவரும் எண்ணினார் போலும். 1867-இல் தம் கனவு நூலைப் பெயரிடாமலே வெளியிட்டார். 1874-இல் கொலேஜ் த பிரான்சில் சீனமொழிப் பேராசிரியரானார், 1892-இல் மறைந்தார். கனவாராய்ச்சியிற் புகழ்பெற்ற பிராய்டு தேடியும் அந்நூல் அவர் கைக்கு எட்டவில்லை.