சுபேதார் வீட்டுப் பிள்ளை

அண்ணல் அம்பேத்கர் பிறந்தது ஊரிலுமல்ல, சேரியிலுமல்ல, பட்டாளத்துக் குடியிருப்பில். 1891 ஏப்ரல் 14, மத்திய இந்தியாவின் மாவ் முகாம். அப்பா ராம்ஜி சக்பால் படையில் சுபேதார், படைப் பள்ளி ஆசிரியரும்கூட. தாத்தா மாலோஜி சிப்பாய். அம்மா பீமாபாயின் பிறந்த வீடும் பட்டாளத்து வீடுதான்.

மராட்டிய கிராமத்தில் மகர் என்றால் ஊர் ஊழியக்காரர். படைப் பதிவேட்டிலோ அவருக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு, ஓய்வூதியம் உண்டு. (உங்கள் பாட்டியின் தகரப் பெட்டியில் தாத்தாவின் பட்டாளத்துக் காகிதம் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.) கம்பெனிப் படையில் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கு, பெண் பிள்ளைகளுக்கும், படிப்பு கட்டாயம். ராம்ஜியின் குடும்பத்துக்குள் எழுத்து வந்த வழி அது.

பீமாராவ் நடை பழகும் வயதில் மகர்களைப் படையில் சேர்ப்பதை வெள்ளை அரசு நிறுத்தியது. சதாராப் பள்ளியில் சுபேதார் மகன் சாக்கு விரித்துத் தனியே உட்கார்ந்தான். குடிநீர்க் குழாயைத் தொடவும் அவனுக்கு அனுமதியில்லை.

1927 ஜனவரி 1. பீமா நதிக்கரையில் கோரேகாவ் தூணின் முன் அம்பேத்கர் நின்றார். 1818இல் அதே நாளில் பேஷ்வா படையோடு நடந்த சண்டையில் இறந்தவர்களின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. பல பெயர்கள் ‘நாக்’ என்று முடியும். அது மகர் பெயரின் அடையாளம். மூன்று மாதம் முடிவதற்குள் மகாத் குளத்தில் தண்ணீர் அள்ளினார். கூட இருந்தவர்களில் ஓய்வுபெற்ற சிப்பாய்களும் உண்டு.

1941இல் மகர் ரெஜிமெண்ட் அமைக்கப்பட்டது. அதைப் பார்க்க ராம்ஜி இல்லை. 1913லேயே போய்விட்டார்.